எத்தனை பேருக்கு ஓர் அரங்கம்?

சென்னையில் மார்கழி சீசன் பட்டியல் வெளியானதும் ரசிகர்கள் முதலில் பார்ப்பது யார் பாடுகிறார் என்பதை. உடனே அடுத்துப் பார்ப்பது எங்கே பாடுகிறார் என்பதை. ஒரே பாடகர் ஒரே மாதத்தில் பல சபாக்களில் பாடுகிற ஊரில் இந்த இரண்டாவது கேள்விக்கு எடை அதிகம். 'அந்த ஹாலில் பின்னால் உட்கார்ந்தால் சாகித்தியம் புரியாது', 'அங்கே மிருதங்கம் இடிக்கும்', 'அங்கே சவுண்டு பிரமாதம், ஆனால் வண்டி நிறுத்த இடமில்லை' என்று ஒவ்வொரு அரங்கத்துக்கும் மூத்த ரசிகர்கள் வாய்மொழியாக ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் நியாயமானவை. அவற்றின் காரணங்கள்தாம் அதிகம் பேசப்படுவதில்லை. அந்தக் காரணங்களை ஆராய்ந்துகொண்டே போனால், பெரும்பாலான குறைகள் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதாக எனக்குப் படுகிறது: இந்த அரங்கம் எந்த இசைக்கு, எத்தனை பேருக்கு என்ற கேள்விக்கு விடை காணாமல் அதைக் கட்டியிருப்பார்கள், அல்லது கண்ட விடையைப் பின்னால் மீறியிருப்பார்கள்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. நாட்டிய சாஸ்திரம் அரங்குகளைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரித்துவிட்டு, 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்ட நடுத்தர அரங்கையே சிறந்தது என்கிறது. அதைவிடப் பெரிதானால் சொல்வது தெளிவாகக் கேட்காது, முகபாவம் தெரியாது என்று அதற்குக் காரணமும் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இருபத்து நான்கு விரல் அளவுள்ள கோலால் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்வதோடு நிற்காமல், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்குகளை வைத்ததையும் குறிப்பிடுகிறது. பார்ப்பவரின் கண்ணையும் கேட்பவரின் காதையும் முன்வைத்து அளவை முடிவு செய்யும் இந்த முறை, பிற்காலத்தில் டிக்கெட் வருமானத்தை முன்வைத்து அளவை முடிவு செய்யும் முறைக்கு வழிவிட்டது.

முதலில் காதின் கணக்கைப் பார்ப்போம். மூடிய அறையில் எழும் ஒலி, நேராக நம்மை அடைந்த பிறகும் சுவர், கூரை, தரை ஆகியவற்றில் மோதி மோதிச் சிறிது நேரம் உலவிவிட்டே அடங்குகிறது. இதைத்தான் எதிர்முழக்கம் என்கிறோம். ஒலியின் அளவு 60 டெசிபல் குறைவதற்கு ஆகும் நேரம் எதிர்முழக்க நேரம். இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று 1895இல் அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கமான சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்புவதும், ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு அது அடங்கும் நேரத்தைக் கணக்கிடுவதும், விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைப்பதுமாக அவர் ஆய்வு நடந்தது. காலியான அந்த அறையில் ஒலி அடங்க ஏறத்தாழ ஐந்தரை நொடி ஆனது. பேசுகிறவரின் ஒரு வாக்கியம் முழுவதும் அடுத்த வாக்கியத்தின் மேல் படிந்து கிடக்கும் நேரம் அது. சபைன் கண்ட விதி எளியது: அறையின் கன அளவு கூடினால் எதிர்முழக்க நேரம் கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும். அவர் ஒலி வடிவமைப்பு செய்து 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் இன்றும் உலகின் சிறந்த அரங்கங்களின் வரிசையில் இருக்கிறது.

அங்கும் வியன்னாவின் முசிக்ஃபெராய்ன் அரங்கிலும், ஆட்கள் நிறைந்திருக்கும்போது எதிர்முழக்க நேரம் இரண்டு நொடியை ஒட்டியிருக்கும். மேற்கத்திய சிம்பொனி இசைக்கு அது பொருத்தம். எண்பது, நூறு வாத்தியங்களின் ஒலி ஒன்றோடொன்று கலந்து ஒரே அலையாக வரவேண்டும் என்பதே அதன் தேவை. கர்நாடக இசையின் தேவை வேறு. மத்தியம காலத்தில் (நடுத்தர வேகத்தில்), ஓர் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, முக்கால் நொடி என்று வைத்துக்கொள்வோம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ஓர் அட்சரத்துக்கு எட்டுச் சொற்கள், அதாவது எட்டு மிருதங்கத் தட்டுகள், விழுந்தால், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இடைவெளி இல்லை. இரண்டு நொடி எதிர்முழக்கம் உள்ள அரங்கில் அந்த இடைவெளிக்குள் முந்தைய சொல்லின் ஒலி மூன்று டெசிபல்கூட இறங்கியிருக்காது. அதாவது அதன் ஆற்றலில் பாதிக்கு மேல் அறையிலேயே மிதந்துகொண்டிருக்கும்போது அடுத்தது வந்துவிடும். ஒரு நொடி எதிர்முழக்கம் உள்ள அரங்கில் அது கால் பங்கை நெருங்கும் அளவுக்குக் குறைந்திருக்கும்; சொற்கள் தனித்தனியாக விழும். இரட்டை வேகத்தில் வரும் இரண்டாம் காலச் சுரங்களுக்கும், மெய்யெழுத்துகள் நெருங்கி வரும் சாகித்தியத்துக்கும், நிரவலில் ஒரு வரியை உடைத்து உடைத்துப் பாடுவதற்கும் இதே கணக்கு பொருந்தும். மேற்கத்திய இசைக்குப் புகழ்பெற்ற ஓர் அரங்கில் நம் கச்சேரி ஏன் சில சமயம் கலங்கலாகக் கேட்கிறது என்பதற்கு இதுவே விடை.

இதை எண்ணிக் கட்டிய அரங்கம் இந்தியாவிலேயே இருக்கிறது. மும்பை நரிமன் பாயிண்டில் தேசிய நிகழ்த்துகலை மையத்தின் டாட்டா தியேட்டர் 1980இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சன். ஒலியியல் வடிவமைப்பு சிரில் ஹாரிஸ். இந்திய இசையை மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கொண்டுசேர்ப்பது என்ற நோக்கத்துடன், இருக்கைகளை ஏறத்தாழ ஆயிரத்தோடு நிறுத்தி, விசிறி வடிவில் மேடையைச் சுற்றி நெருக்கமாக அமைத்தார்கள். நோக்கத்தை முதலில் எழுதிவைத்து, எண்ணிக்கையை அதிலிருந்து பெற்றார்கள் என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

சபைனின் விதியில் ரசிகர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. ஓர் அரங்கத்தில் ஒலியை அதிகம் உறிஞ்சுவது அங்கே உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் உடையும் உடலும்தான். சீசனில் மதியம் இரண்டு மணிக் கச்சேரிக்குப் போனவர்களுக்கு இது அனுபவமாகத் தெரிந்திருக்கும்: ஐந்நூறு நாற்காலிகளில் நாற்பது பேர் சிதறி உட்கார்ந்திருக்க, வளர்ந்து வரும் ஓர் இளம் பாடகரின் குரல் அறை முழுவதும் முழங்கி, அவர் சுருதி விலகுகிறாரோ என்றுகூடச் சந்தேகம் எழும். மாலையில் அதே மேடையில் அதே மைக்கில் மூத்த வித்துவான் பாடும்போது, கூட்டம் நிறைந்த அரங்கம் அவருக்குத் துணை நிற்கும். இளையவருக்கு நேர்ந்த அநீதியில் பாதி நாற்காலியால் வந்தது. மெத்தை வைத்த நாற்காலி காலியாக இருந்தாலும் ஆள் உட்கார்ந்த அளவுக்கு நெருங்கி ஒலியை உறிஞ்சும் என்பதால், நல்ல அரங்கங்களில் இருக்கைத் துணியையும் நுரையையும் ஒலியியலாளரே தேர்ந்தெடுக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியும் இரும்பு மடக்கு நாற்காலியும் போட்ட மண்டபத்தில் அந்த வசதி கிடையாது.

எதிர்முழக்க நேரம் ஓர் எண் மட்டுமே. அதே எண் உள்ள இரண்டு அரங்கங்கள் முற்றிலும் வேறாகக் கேட்கக்கூடும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் பயணம் செய்கிறது. நேரடி ஒலி வந்த பிறகு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது சுமார் 17 மீட்டர் கூடுதல் தூரத்துக்குள், பக்கச் சுவர்களில் பட்டு வரும் பிரதிபலிப்புகளைக் காது தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. நேரடி ஒலியோடு சேர்த்துக்கொண்டு அதற்குத் தெளிவும் நிறைவும் கூட்டிக்கொள்கிறது. அதைவிட நெடுநேரம் கழித்து வலுவாக வருவது எதிரொலியாகிவிடும். முப்பது மீட்டர் தள்ளியுள்ள வெறும் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, முன்வரிசைக்காரருக்கு மிருதங்கத்தின் ஒவ்வொரு 'தீம்'மையும் இரண்டாகக் காட்டும். ஆகவே பக்கச் சுவர் ஒலியைத் திருப்பித் தரவேண்டும், பின்சுவர் அதை விழுங்கவோ சிதறடிக்கவோ வேண்டும். வியன்னா, பாஸ்டன் அரங்கங்கள் குறுகிய நீள்பெட்டி வடிவில் இருப்பதால் பக்கச் சுவர்கள் எல்லோருக்கும் அருகிலேயே இருக்கின்றன. அரங்கத்தை அகலமாக விரித்தால் நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தத் துணை ஒலி தாமதமாகிறது. லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871இல் மாபெரும் முட்டை வடிவில் குவிமாடத்துடன் கட்டப்பட்டது. அதன் எதிரொலி ஒரு நூற்றாண்டுக் காலம் கேலிப் பொருளாகவே இருந்தது. 1969இல் கூரையிலிருந்து காளான் வடிவத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகே அது ஓரளவு அடங்கியது.

எண்ணிக்கையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கைவிடத் தெளிவான சான்று இல்லை. லிங்கன் மையத்தில் பில்ஹார்மானிக் ஹால் கட்டத் திட்டமிட்டபோது ஒலியியல் பொறுப்பை ஏற்றவர் லியோ பெரானெக். உலகெங்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட அரங்கங்களை ஆராய்ந்தவர் அவர். சுமார் 2,400 இருக்கைகள் கொண்ட, பாஸ்டன் அரங்கை ஒத்த வடிவத்தை அவர் பரிந்துரைத்தார். இருக்கைகள் போதாது என்று பத்திரிகைகளில் குரல் எழுந்தது. எண்ணிக்கை 2,600ஐத் தாண்டியது. அதற்கு இடம் தேடிப் பக்கச் சுவர்கள் வளைந்தன, பால்கனிகள் மாறின. 1962 செப்டம்பரில் திறந்த அன்றே குறை கூறல் தொடங்கிவிட்டது. தாழ்சுருதி வாத்தியங்கள் மெலிந்து கேட்டன. மேடையில் இருந்த வாத்தியக்காரர்களுக்கு ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. பலமுறை ஒட்டுப்போட்டுப் பார்த்து முடியாமல், 1976இல் உட்பகுதி முழுவதையும் இடித்து மீண்டும் கட்டினார்கள். அந்த வேலையின் ஒலியியலாளர் மும்பை அரங்கின் அதே சிரில் ஹாரிஸ். அதுவும் முழு நிறைவு தரவில்லை. 2022 அக்டோபரில் டேவிட் கெஃபன் ஹால் என்ற பெயரில் மூன்றாவது வடிவம் திறக்கப்பட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகளைக் குறைத்து 2,200 அளவில் நிறுத்தியிருந்தார்கள். மேடையை ஏழு மீட்டருக்கு மேல் முன்னால் கொண்டுவந்து, அதன் பின்னாலும் பக்கங்களிலும் ரசிகர்களை உட்கார வைத்திருந்தார்கள். இந்தக் கடைசி வேலைக்கு ஆன செலவு 55 கோடி டாலர். கூடுதல் டிக்கெட் விற்கச் சேர்த்த இருக்கைகளை எடுப்பதற்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன.

பெரிய அரங்கம் நல்ல அரங்கமாகவே இருக்க முடியாது என்று இதற்குப் பொருளில்லை. ஹான்ஸ் ஷாரூன் வடிவமைத்து 1963இல் திறக்கப்பட்ட பெர்லின் பில்ஹார்மானி இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொள்கிறது. ஆனால் மேடையை நடுவில் வைத்து, மலைச்சரிவுத் தோட்டத்தைப் போலப் படிப்படியான சிறு பகுதிகளாக ரசிகர்களைச் சுற்றிலும் அமர்த்தியதால், எந்த இருக்கையும் மேடையிலிருந்து முப்பது மீட்டருக்கு மேல் விலகவில்லை. ஒவ்வொரு பகுதியின் தாழ்ந்த தடுப்புச் சுவரும் பக்கத்துப் பகுதிக்கு வேண்டிய பக்கச் சுவர்ப் பிரதிபலிப்பைத் தருகிறது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன்பே அதற்கேற்ற வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள்.

சென்னைக்குத் திரும்புவோம். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த மியூசிக் அகாடமி, தன் முதல் முப்பதாண்டுகளில் பந்தல்களிலும் பிறர் கட்டடங்களிலும்தான் கச்சேரி நடத்தியது. அதன் சொந்த அரங்கத்துக்கு 1955இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1962இல் அது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,600 பேர் உட்காரும் அந்த அரங்கமும் அதற்குப் பின் வந்த பல சபா அரங்கங்களும் இசைக்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல. சபாக்களின் ஆண்டு முழுவதற்குமான வரும்படியில் நாடகத்துக்குப் பெரும்பங்கு இருந்த காலம் அது. நாட்டியமும் பொதுக்கூட்டமும் பரிசளிப்பு விழாவும் அதே மேடையில்தான். எனவே ஆழமான மேடை, மேலே திரைகளை ஏற்றி இறக்கும் இடம், பின்னால் கனத்த திரை என்று நாடகத்துக்கான அமைப்பே எங்கும் பரவியது. அந்த மேடையின் நடுவில் நான்கு பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாடினால், ஒலியில் நல்ல பங்கு மேலே எழும்பியும் பின்திரையில் புதைந்தும் போகிறது. பின்னால் மரப்பலகையால் ஒரு வளைந்த தடுப்பை நிறுத்தினாலே அந்த ஒலியில் ஒரு பகுதி ரசிகர் பக்கம் திரும்பும். பல அரங்கங்களில் அந்த இடத்தைப் புரவலர் பெயர் தாங்கிய ஃபிளெக்ஸ் பேனர் பிடித்துக்கொண்டிருக்கிறது; ஒலிக்கும் உதவாது, கண்ணுக்கும் நல்லதில்லை.

மைக்குக்கு முந்திய காலத்து நினைவாக நிற்பது எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் மியூசியம் தியேட்டர். 1896இல் கட்டப்பட்ட அந்த அரங்கில் சில நூறு இருக்கைகள் அரைவட்டப் படிகளாக மேடையை நோக்கி இறங்குகின்றன. மேடையில் பேசுவது பின்வரிசை வரை தெளிவாகக் கேட்கும். 1930களில் மைக் பரவிய பிறகு அப்படிக் கட்டவேண்டிய கட்டாயம் போய்விட்டது. மைக் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது: உரத்த குரலில்லாதவர்களும், வீணை போன்ற மென்மையான வாத்தியங்களும் பெரிய சபையை அடைய வழி பிறந்தது. ஆனால் கட்டடம் செய்யத் தவறியதை மின்சாரம் செய்துவிடும் என்ற நம்பிக்கையும் அதனோடு வந்தது. எதிர்முழக்கம் மிகுந்த அறையில் ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும். சத்தம் அதிகமாகும், தெளிவு அப்படியே இருக்கும்.

ஒலிபெருக்கி அமைப்பிலேயே இரண்டு செய்திகளைக் கவனித்தால் ஓர் அரங்கத்தின் தரம் தெரிந்துவிடும். முதலாவது, மைக்குகளின் ஒலியைக் கலந்து கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை இயக்குபவர் உட்கார்ந்திருக்கும் இடம். ரசிகர்கள் கேட்பதை அவரும் கேட்கவேண்டுமானால் அவர் அரங்கத்துக்குள், நடுவரிசைகளுக்குச் சற்றுப் பின்னால் இருக்கவேண்டும். மேடையின் பக்கவாட்டு மறைவிலோ கண்ணாடி போட்ட தனி அறையிலோ இருந்தால் அவருக்குக் கிடைப்பது வேறொரு கச்சேரி. 'மிருதங்கம் ஜாஸ்தி' என்று ரசிகர் யாரோ எழுந்துபோய்ச் சொல்லும் வரை அவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டாவது, பின்வரிசைக்கான துணை ஒலிபெருக்கிகள். மேடையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி இருக்கும் ஒலிபெருக்கிக்கு மின்னொலி உடனே சென்றுவிடும். மேடையின் ஒலி அங்கே வந்து சேர ஏறத்தாழ 58 மில்லிநொடி ஆகும். அந்த அளவுக்குத் தாமதம் கொடுத்து ஒலிக்கவிட்டால், முதலில் வந்த திசையையே காது நம்புவதால், குரல் மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். தாமதம் கொடுக்காவிட்டால் பாடகர் முன்னால் வாயசைக்க, குரல் தலைக்கு மேலிருந்தோ பக்கச் சுவரிலிருந்தோ வரும். இன்றைய சாதாரண டிஜிட்டல் மிக்ஸரிலேயே இதற்கு வழியிருக்கிறது. ஆனாலும் செய்யாத அரங்கங்கள் பல.

மேடையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதும் ரசிகர்களின் பிரச்சினையே. கச்சேரி தொடங்கி முதல் பத்து நிமிடம் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் ஆள்காட்டி விரலை மேலும் கீழும் ஆட்டி 'மானிட்டரில் (மேடைக்கான ஒலிபெருக்கியில்) வயலின் கொஞ்சம்', 'சுருதி இன்னும்' என்று சைகை காட்டிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தம்புராவும் தம் குரலும் தமக்கே சரியாகக் கேட்காதபோது பாடகர் கத்தத் தொடங்குகிறார். மேடை ஒலி கூடுகிறது. அரங்க ஒலியும் அதற்கேற்ப ஏறுகிறது. சத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2022இல் எழுத்திலேயே வைத்தது: இசை நிகழ்விடங்களில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, அளவை நிகழ்ச்சியின்போதே கண்காணிக்கவேண்டும், ஓய்வுக்கு அமைதியான இடம் வேண்டும் என்பவை அதன் வழிகாட்டுதல்கள். சபாக் கச்சேரி அந்த எல்லையை நெருங்குவது அரிதாக இருக்கலாம். ஆனால் திறந்த வெளிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் பிறந்த நாகசுரத்தையும் தவிலையும் குளிரூட்டிய மூடிய அரங்கில் ஆளுக்கொரு மைக் வைத்து ஒலிக்கவிடுவதைக் கேட்டவர்கள், அந்த வழிகாட்டுதலை யாராவது சபாக் காரியாலயங்களுக்கு அனுப்பக்கூடாதா என்று நினைத்திருப்பார்கள்.

கண்ணின் கணக்கு சுருக்கமானது. ஆனால் அடிக்கடி மறக்கப்படுவது. கர்நாடக இசைக் கலைஞர்கள் தரையில் உட்கார்ந்து வாசிப்பதால், நின்று பாடும் நிகழ்ச்சிக்கு அமைத்த மேடையில் அவர்கள் பாதி மறைந்துவிடுகிறார்கள். முகபாவம் தெரிவதற்குச் சுமார் இருபது மீட்டர்தான் எல்லை என்பது அரங்க வடிவமைப்பில் வழங்கும் கணக்கு. கச்சேரியின் சுவையில் ஒரு பகுதி, பாடகர் வீசிய ஒரு சுரக்கோர்வையை வயலின்காரர் புன்னகையோடு வாங்கிக்கொள்வதிலும், மிருதங்கக்காரர் கடத்தைப் பார்த்துத் தலையசைப்பதிலும் இருக்கிறது. மேடையில் அரையடி உயரத்துக்கு ஒரு சிறு மேடையைக் கூடுதலாகப் போடுவது, மைக் தாங்கியைப் பாடகரின் முகத்துக்கு நேரே நிறுத்தாமல் தாழ்த்தி வைப்பது, பூச்சாடிகளை மிருதங்கத்தின் வலந்தலைக்கு முன்னால் வைக்காமலிருப்பது ஆகியவற்றுக்குச் செலவு ஏதுமில்லை.

அமைதி செலவு பிடிக்கும் சமாச்சாரம். குளிரூட்டும் காற்றை அகலமான குழாய்களில் மெதுவாகச் செலுத்தினால் ஓசை இராது. குறுகிய குழாயில் வேகமாகத் தள்ளினால் ஆலாபனையின் கீழ் ஒரு நிரந்தர 'உஸ்' ஓடிக்கொண்டிருக்கும், தம்புராவின் நுண்ணொலிகள் அதில் கரைந்துபோகும். நுழைவாயிலில் இரண்டு கதவுகளும் நடுவே ஒரு சிறு கூடமும் இருந்தால் வெளிப்பேச்சு உள்ளே வராது. ஒற்றைக் கதவு என்றால், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேண்டீனுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் வராந்தாவின் அரட்டையைக் கொஞ்சம் உள்ளே விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பழக்கத்தைப் பண்பாட்டுக் குறையாக மட்டுமே கண்டிப்பது வழக்கம். மூன்று மணி நேரக் கச்சேரியில் இடைவேளை இல்லை, ரசிகர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள், பெண்களுக்கான கழிப்பறைகள் குறைவு, அங்கே எப்போதும் வரிசை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தனியின் நேரத்தில் எழுகிறவர்கள் எல்லோரும் ஃபில்டர் காபிக்காகவே எழுகிறார்கள் என்று சொல்ல முடியாது. படிகளின் விளிம்பில் சிறு விளக்கு, பிடித்து ஏறக் கைப்பிடி, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், அதிலிருந்து மேடை தெரியும்படி ஓர் இடம் ஆகியவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கில் கடமைகள்; சபாக்களின் ரசிகர் வயதை நினைத்தால், தம் வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளும் வழிகளும் அவையே. சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை சபாக்கள் மற்ற எதில் தவறினாலும் கேண்டீனில் தவறுவதில்லை.

திறந்தவெளியில் பல்லாயிரம் பேருக்கு நடக்கும் திரையிசை நிகழ்ச்சிகளுக்கு எதிர்முழக்கக் கவலை இல்லை. எண்ணிக்கைக் கவலை பல மடங்கு. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னையை அடுத்த பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்களில் பலர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வெகுநேரம் ஸ்தம்பித்தது. டிக்கெட்டின் நகலை அனுப்பினால் குறை தீர்க்கப்படும் என்று ரகுமானே அறிவிக்க நேர்ந்தது. அன்று மேடையில் ஒலித்த இசையின் தரத்தைப் பற்றி மறுநாள் யாரும் பேசவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில், நிகழ்ச்சி தொடங்கும் முன் மழை வர, வெளியே காத்திருந்தவர்கள் படிகள் இறங்கும் வாயில் வழியாக ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்ததில் நான்கு பேர் இறந்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் தனி மனிதரின் விருப்பப்படி நகர முடியாது, கூட்டமே ஒரு திரவம்போல அலைபாயத் தொடங்கும் என்பது கூட்ட மேலாண்மையில் அடிப்படைப் பாடம். எத்தனை டிக்கெட் விற்கலாம் என்பதை மைதானத்தின் பரப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை; வாயில்களின் அகலமும், அவற்றுக்கு வெளியே காத்திருக்க உள்ள இடமும், சாலையும், கடைசி ரயிலின் நேரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவற்றுள் மிகக் குறுகலானது எதுவோ அதுவே அந்த இடத்தின் உண்மையான கொள்ளளவு.

ஒரே அரங்கம் பல இசைக்கும் பயன்பட வேண்டுமானால் அதன் ஒலியியலையே மாற்றியமைக்கும் வசதி தேவைப்படுகிறது. சிங்கப்பூரில் 2002இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலை வளாகத்தின் இசை அரங்கம், ஒலியியலாளர் ரஸ்ஸல் ஜான்சனின் வடிவமைப்பில், கதவுகளைத் திறந்து மூடக்கூடிய எதிர்முழக்க அறைகளையும், ஏற்றி இறக்கக்கூடிய மேல்தட்டுகளையும், சுவர்களை மறைக்கும் திரைகளையும் கொண்டிருக்கிறது. சிம்பொனிக்கு அறைகளைத் திறந்துவிடுவார்கள். பேச்சுக்கும் தாளத்துக்கும் முதன்மை உள்ள இசைக்கு அவற்றை மூடித் திரைகளை இறக்குவார்கள். ஆண்டுதோறும் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழாவும் அதே வளாகத்தில்தான் நடக்கிறது. இவ்வளவு செலவுக்குச் சென்னை சபாக்களிடம் வழியில்லை. அவற்றுக்கு எட்டக்கூடியது எதிர்த்திசை: மயிலாப்பூரைச் சுற்றி இருநூறு, முந்நூறு பேருக்கான சிறு அரங்கங்களில் நடக்கும் கச்சேரிகளின் தரம், அவற்றின் எளிய வசதிகளை மீறியதாக இருக்கிறது. அளவு சிறியதானதும் ஒலியின் தூரமும் பார்வையின் தூரமும் தாமாகவே குறைந்துவிடுவதுதான் காரணம். பெரிய பெயர்களுக்கு அந்த அரங்கங்கள் போதாது என்பது உண்மை. அதற்கு ஒரே கச்சேரியை இரண்டு நாள் நடத்துவது ஒரு தீர்வு. இரண்டாயிரம் பேரை ஒரே நாளில் அடைப்பதைவிட அது கலைஞருக்குச் சிரமம், ரசிகருக்கு லாபம்.

இருக்கிற அரங்கத்தில் டிக்கெட் வாங்குகிறவர் தம் அளவில் செய்துகொள்ளக்கூடிய தேர்வும் கொஞ்சம் உண்டு. முதல் மூன்று வரிசைகள் விலை கூடியவை. ஆனால் பக்க ஒலிபெருக்கிகளின் வீச்சுக்கு நேர் உள்ளே அல்லது முற்றிலும் வெளியே விழுபவை. பால்கனிக்கு அடியில் வெகு உள்ளே தள்ளிய வரிசைகளில், மேலிருந்து வரவேண்டிய பிரதிபலிப்புகள் தடைபட்டு ஒலி மங்குகிறது. அந்தக் குகையின் ஆழம் அதன் வாயின் உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது வடிவமைப்பாளர்கள் கடைப்பிடிக்கும் நடைமுறை விதி; தாண்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே கணித்துவிடலாம். கீழ்த்தளத்தில் நடுப்பகுதிக்குச் சற்று முன்னால், நடு அச்சிலிருந்து ஓரிரு இருக்கைகள் விலகி உட்கார்ந்தால், பெரும்பாலான சபாக்களில் குரலும் மிருதங்கமும் சமநிலையில் கிடைக்கும். பால்கனியின் முன்வரிசை பல அரங்கங்களில் அதைவிட நன்றாக இருக்கும், விலையும் குறைவு. படியேற முழங்கால் ஒத்துழைத்தால் அதையே கேட்டு வாங்கலாம்.